அலகு அறிந்த ருசி

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பனிக்காலம் தொடங்கிவிட்டால் தெருவுக்கு நாலு வீட்டுக் கொல்லையிலாவது பறவைகளுக்குத் தீனி வைக்கும் ஃபீடர் ஒன்று தொங்கும். உள்ளே போட்ட தீனி மலிவான கலவையாக இருந்தால் அங்கே நடப்பதை நின்று பார்க்க வேண்டும். சிக்கடீ வந்து உட்காரும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குருவி, கறுப்புத் தொப்பி போட்ட தலை. சோளத்தை எடுத்து எறியும். கோதுமையை எறியும். சிவப்புப் பனிவரகை எறியும். கறுப்புச் சூரியகாந்தி விதை ஒன்று அகப்பட்டதும் சட்டென்று பறந்துவிடும். கீழே பனியெல்லாம் தானியம். காசு கொடுத்து வாங்கியவருக்கு மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் தேர்ந்த தச்சர் மரக்கடையில் பலகை பொறுக்குகிற காரியத்தைத்தான் அந்தக் குருவி செய்கிறது.

பறவையின் நாக்கில் சுவை மொட்டுகள் நமக்கு இருப்பதில் சிறு பங்குதான். அதனுடைய ருசியில் பெரும்பகுதி அலகில் இருக்கிறது. எத்தனை நேரம் உடைத்தால் எவ்வளவு கொழுப்பு கிடைக்கும் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் கறுப்புச் சூரியகாந்திக்கு ஈடில்லை. ஓடு மெல்லியது, எண்ணெய் அதிகம். வெள்ளைக் கோடு போட்ட பெரிய ரகத்தின் ஓடு தடிப்பு; சின்ன அலகுகள் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். சூரியகாந்தி பிறந்த மண் வட அமெரிக்காதான். அங்கிருந்து ஐரோப்பா வழியாக ரஷ்யா போய், பூஸ்தவோய்த் போன்ற விஞ்ஞானிகளின் கையில் எண்ணெய் வித்தாக வளர்ந்து, பிறகு தாய்மண்ணுக்கே திரும்பி வந்தது. அமெரிக்க மீன், வனவிலங்குத் துறைக்காக ஏல்ரெட் கைஸ் தானியங்களைப் பறவைகள் முன் வைத்துப் பார்த்து 1980-இல் ஓர் அறிக்கை தந்தார். சூரியகாந்தியில் கறுப்பு, தினை வகையில் வெள்ளைப் பனிவரகு, இவ்விரண்டும் முன்னால் நின்றன. கலவைப் பைகளை நிரப்பும் கோதுமையும் ஓட்ஸும் சோளமும் பின்தங்கிவிட்டன.

ஒரே விதைதான், ஆனால் உண்ணும் முறை பறவைக்குப் பறவை வேறு. சிக்கடீயின் எடை பத்துப் பன்னிரண்டு கிராம். ஒரு தடவைக்கு ஒரு விதை. எடுத்த இடத்தில் தின்னாது. கிளைக்குப் போய் இரண்டு காலாலும் விதையை அமுக்கிக்கொண்டு தலையை ஓங்கி ஓங்கிக் கொத்தும். ஓடு பிளந்ததும் பருப்பைத் துணுக்குத் துணுக்காகத் தின்னும். மிச்சப்படும் நாளில் மரப்பட்டை இடுக்கில் ஒளித்துவைக்கும். வைத்த இடத்தை வாரக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும். நட்ஹேட்ச் விதையைப் பட்டையின் வெடிப்பில் செருகி, பிடி கிடைத்தபின் பிளக்கும். ப்ளூ ஜே உடைக்க அவசரப்படாது. விதைகளைத் தொண்டைப் பைக்குள் வரிசையாக நிரப்பிக்கொண்டு போய்விடும்.

கார்டினலின் நிதானமே தனி. செக்கச் செவேலென்று வந்து தட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. அதன் கூம்பு அலகை அருகில் பாருங்கள்: விதையை நாக்கு உருட்டி விளிம்போரமாக நிறுத்தும். மேலலகு பிடித்துக்கொள்ள, கீழலகின் கூரான விளிம்பு ஏறி அழுத்தும். ஓடு இரண்டாகி வாயோரம் வழிந்து விழும், பருப்பு உள்ளே போகும். அடுத்த விதை அதற்குள் அலகில் இருக்கும். கால் அசையவில்லை, தலை குனியவில்லை. இப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு அகலமான தட்டு வேண்டும். குழாய் ஃபீடரில் நீட்டிய குச்சி போதாது.

கோல்ட்ஃபின்ச்சுக்குப் பேயெள். ஒடிசாவின் மலைக்காடுகளிலும் நம் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் விளையும் அதே எள்தான், இந்தியாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் கப்பலேறிப் போகிறது. அமெரிக்க மண்ணில் முளைத்துவிடாதபடி சூடேற்றித்தான் விற்பார்கள். ஊசி முனை அலகுக்கு அளவெடுத்த விதை. கோல்ட்ஃபின்ச் முழுச் சைவம் என்றே சொல்லலாம். மற்ற பாட்டுப் பறவைகள் பலவும் குஞ்சுக்குப் புழு கொடுக்க, இது விதையைத்தான் கொடுக்கிறது. அதனால்தான் திஸில் போன்ற முட்செடிகள் காய்த்து வெடிக்கும் கோடை நடுவில் கூடு கட்டுகிறது. அதன் கூட்டில் கௌபேர்ட் முட்டையிட்டுப் போனாலும், அந்தக் குஞ்சு விதைச் சாப்பாட்டில் சில நாளுக்கு மேல் தாங்குவதில்லை. எள் பழசாகி எண்ணெய் வற்றினால் கோல்ட்ஃபின்ச் அண்டாது. நகத்தில் வைத்து நசுக்கிப் பாருங்கள்; பசை ஒட்டவில்லை என்றால் குருவி சொன்னது சரி.

தரையில் இன்னொரு பந்தி. ஜுன்கோவும் வெண்தொண்டைக் குருவியும் முன்னும் பின்னும் துள்ளிப் பனியைச் சீய்த்து வெள்ளைப் பனிவரகைப் பொறுக்கும். புறா உமி நீக்குகிற வேலையே வைத்துக்கொள்ளாது. முழுசாக விழுங்கும், அரைக்கிற வேலை இரைப்பைக்கும் அதிலுள்ள மணல் பரலுக்கும். குசும்பா விதை வைத்தால் கார்டினல் விரும்பி வரும், அணிலும் கிராக்கிளும் பெரும்பாலும் ஒதுங்கும். ஸ்டார்லிங்கின் அலகோ மண்ணைக் குத்தி விரிப்பதற்கு ஏற்றது. மூடும் தசையைவிடத் திறக்கும் தசைக்கு வலு அதிகம் என்பதால் கெட்டி ஓடு அதற்கு உடையாது.

கிழக்கில் எறிபடும் சோளத்தைக் கேவலமாக நினைத்துவிடக் கூடாது. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் சோதனைகளில், மேற்கே ஸ்டெல்லர் ஜேயும் கேம்பல் காடையும் வளைந்த அலகுத் த்ராஷரும் சூரியகாந்தியை விட்டுச் சோளத்தையே தேர்ந்தெடுத்தன. ஊருக்கு ஊர் பறவை வேறு, பறவைக்குப் பறவை அலகு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே பை என்பது வியாபாரிக்கு மட்டுமே சௌகரியம்.

சுத்தமும் இந்தக் கலையில் சேர்ந்ததுதான். நனைந்து பூஞ்சை பிடித்த தீனி கேடு. 1994 முதல் ஹவுஸ் ஃபின்ச்களுக்குப் பரவிய கண் நோய்க்குக் கழுவாத ஃபீடரும் ஒரு வழி.

விஸ்கான்சினில் சிக்கடீக்களை ஆராய்ந்தவர்கள், ஃபீடர் பக்கத்திலேயே இருந்தும் அவை அன்றாடத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அங்கே எடுத்துக்கொள்கின்றன என்று கண்டார்கள். மிச்சமெல்லாம் காட்டுச் சாப்பாடு. எனக்கு இதைவிடப் பிடித்த செய்தி கிடையாது. வேறு வழியில்லாமல் நம் தட்டுக்கு வருகிற விருந்தாளி எதை வைத்தாலும் தின்பார். போக இடம் இருந்தும் வருகிறவர் ஒரு விதையை எடுத்து இன்னொன்றைத் தள்ளினால், அந்தத் தீர்ப்பை நம்பலாம். அடுத்த பை வாங்கும் முன் ஃபீடருக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். கிடப்பதை விட்டுவிட்டு, தீர்ந்ததை வாங்குங்கள்.