எழுத்தில்லாத மொழிக்கு என்ன மரியாதை?

சின்ன மொழிகளைக் காப்பாற்ற வேண்டுமா என்று யாராவது பேச்செடுத்தால் உடனே ஒரு கேள்வி வரும்: ‘அதனால என்ன சார் பிரயோஜனம்?’ கேட்பவர் பெரும்பாலும் தமிழ்ப் பற்றாளராக இருப்பார். இதே கேள்வியைத் தமிழைப் பார்த்து ஒரு வடநாட்டுக்காரர் கேட்டால் சட்டையைப் பிடித்துவிடுவார். கேட்டால், ‘அது வேற, இது வேற’ என்பார். வேறு இல்லை என்பதுதான் என் கட்சி.

இதற்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி வரை போக வேண்டாம். தேனி மாவட்டம் போதும். ஓடைப்பட்டி, சின்னமனூர், கம்பம் என்று நீளும் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையை எல்லோருக்கும் தெரியும். அங்கே பேசப்படும் மொழிகள் வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பல வீடுகளில் தெலுங்கு. ஒக்கலிகர், காப்பிலியர் வீடுகளில் கன்னடம். விஜயநகர, நாயக்கர் காலங்களை ஒட்டித் தெற்கே வந்தவர்களின் வாரிசுகள். பள்ளிக்கூடம், சந்தை, ரேஷன் கடை, காதல் கடிதம் எல்லாம் தமிழில். சாப்பாடு, சண்டை, தாலாட்டு மட்டும் வீட்டு மொழியில். அதில் எழுதப் படிக்கப் பெரும்பாலோருக்குத் தெரியாது. பாடப்புத்தகம் இல்லை, மாநாடு இல்லை, மானியம் இல்லை. வெறும் வாயை வைத்துக்கொண்டே சில நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்துவிட்டார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 42 லட்சம். கன்னடம் ஏறக்குறைய 13 லட்சம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் கணக்கெடுக்க வருபவர் ‘உங்கள் தாய்மொழி என்ன?’ என்றுதான் கேட்பார். ‘உங்கள் பிள்ளையிடம் எதில் பேசுகிறீர்கள்?’ என்று கேட்க மாட்டார். இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஏனென்றால் இன்று பல வீடுகளில் தாத்தாவும் பாட்டியும் தங்களுக்குள் தெலுங்கு பேசுகிறார்கள். மகனுக்குப் புரிகிறது, பதில் தமிழில் வருகிறது. பேரனுக்குப் புரியவே இல்லை. அவனுக்கு ‘ரைம்ஸ்’ வந்தால் போதும் என்று பெற்றோர் முடிவு செய்துவிட்டார்கள்.

‘ஆந்திரா, தெலங்கானாவுல கோடிக்கணக்கான பேர் பேசுறாங்க. இங்க நாலு வீட்ல நின்னுபோனா தெலுங்கு செத்தா போயிடும்?’ என்று கேட்கலாம். தெலுங்கு சாகாது. இந்தத் தெலுங்கு போய்விடும். கரிசல் காட்டில் குடியேறிய தெலுங்குக் குடும்பங்களின் கதையைக் கி.ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ நாவலில் சொன்னார். அதன் தொடர்ச்சிக்கு 1991இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அவர் தமிழில் எழுதியதால் கதை தப்பித்தது. அந்தக் கதையைப் பெரியவர்கள் வீட்டில் சொன்ன பேச்சு, அச்சில் ஏறவில்லை.

மதுரை சௌராஷ்டிரர்களுக்கு இந்தச் சமாதானம்கூட இல்லை. திரும்பிப் பார்க்க அவர்கள் மொழிக்கென்று ஒரு மாநிலம் கிடையாது. சொந்த எழுத்து உண்டு, 2008இல் யூனிகோடிலும் சேர்ந்துவிட்டது. வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. சென்சஸில் அதைக் குஜராத்தியின் கீழ் கூட்டிக் காட்டுகிறார்கள்.

சரி, அரசாங்கம் மனது வைத்தால் மொழி பிழைத்துவிடுமா? அயர்லாந்தைப் பாருங்கள். கேலிக் குடும்பத்தைச் சேர்ந்த ஐரிஷ்தான் அங்கே முதல் ஆட்சி மொழி. பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள், டி.வி. சேனல் இருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ‘ஐரிஷ் தெரியும்’ என்றார்கள். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72 ஆயிரம். பாஸ் மார்க் வாங்கித் தர அரசால் முடியும். அடுப்படியில் உட்கார்ந்து பேச முடியாது.

ஓடைப்பட்டி விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். விதையில்லாத் திராட்சை தானாக முளைக்காது. குச்சி வெட்டி நட்டால்தான் அடுத்த கொடி. ஒரு தலைமுறை நடாமல் விட்டால் கதை முடிந்தது. புத்தகத்தில் தங்கியிருந்த ஹீப்ரு பல நூற்றாண்டுகள் கழித்து மறுபடி வீட்டுப் பேச்சானது. அதற்கு எழுத்து என்ற விதை இருந்தது. நம்மூர் வீட்டு மொழிக்கு அந்த வசதி கிடையாது.

பிரயோஜனம் கேட்கும் நண்பருக்குச் செலவுக் கணக்கையும் காட்டிவிடுகிறேன். பிள்ளை வீட்டில் இன்னொரு மொழி கற்க ஃபீஸ் இல்லை, வேன் இல்லை, டியூஷன் இல்லை. ‘ரெண்டு மூணு பாஷை பேசினா குழந்தை குழம்பிடும்’ என்பது வெறும் பயம். இந்தப் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் இரண்டு மொழி பேசித்தான் வளர்ந்தார்கள். யாரும் குழம்பவில்லை. முதலீடே இல்லாத சொத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, மாதாமாதம் பணம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வாங்குகிறோம். இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு இடம் கொடுக்க வீட்டு மொழி காலி செய்ய வேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் ஒரு குட்டு வைக்க வேண்டியிருக்கிறது. வீட்டு மொழி பேசுகிறவரை ‘வந்தேறி’ என்று மேடையில் ஏசுவது அசிங்கம். சில நூற்றாண்டுகளாக இங்கே உழுது, இங்கேயே எரிந்தும் புதைந்தும் போனவர்களுக்கு வேறு எந்த ஊர் சொந்தம்? அதேபோல, வீட்டு மொழியைச் சாதிச் சங்கத்தின் சொத்தாகப் பூட்டி வைப்பதும் வேலைக்கு ஆகாது. கூலியாள் எதிரிலேயே அவருக்குப் புரியாமல் கூலி பேசி முடிக்கத்தான் ஒரு மொழி பயன்படுகிறது என்றால், அதற்காக யாரும் அழ மாட்டார்கள்.

தமிழ் இந்த மொழிகளை விழுங்கவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டே வளர்ந்தது. இப்போது ‘பிரயோஜனம் இல்லை’ என்ற தீர்ப்பை எழுதுவது இங்கிலீஷ் மீடியம். முதல் வரிசையில் இந்தச் சின்ன மொழிகள் நிற்கின்றன. அடுத்த வரிசையில் யார் என்று சென்னை, கோவை அப்பார்ட்மென்ட்டுகளில் கேட்டுப் பாருங்கள். பேரனிடம் ‘கம் ஹியர்’, ‘டோண்ட் டச்’ என்று திணறிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பாட்டிகள் அங்கே ஏற்கெனவே வந்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு மொழி இருந்தால் சங்கம் ஆரம்பிக்க வேண்டாம், மனு கொடுக்க வேண்டாம். இன்று ராத்திரி பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும்போது அதில் கூப்பிடுங்கள். ‘என்ன சொன்னே?’ என்று கேட்டால், தமிழில் அர்த்தம் சொல்லிவிட்டு மறுபடி அதிலேயே கூப்பிடுங்கள்.