வினைச்சொல்லில் நுழையாத வடமொழி

மலையாளத்தில் வடசொல் எத்தனை விழுக்காடு? எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். அகராதியை எண்ணினால் ஒன்று, நாளிதழ்த் தலையங்கத்தை எண்ணினால் இன்னொன்று, கோழிக்கோட்டு மீன்சந்தையில் காதுகொடுத்தால் முற்றிலும் வேறொன்று. விழுக்காட்டுச் சண்டையை விட்டுவிட்டு, சமஸ்கிருதம் மலையாளத்துக்குள் எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று பார்ப்பதே பயன் தரும்.

இதை முதலில் முறையாகக் கேட்ட நூல் 14ஆம் நூற்றாண்டின் 'லீலாதிலகம்'. நாட்டுமொழியும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடைக்கு இலக்கணமும் அணியும் சொல்லும் நூல். ஆசிரியர் பெயர் தெரியாது. நூல் முழுவதும் சமஸ்கிருத சூத்திரமும் உரையும். மணிப்பிரவாளம் என்ற பெயர் தமிழுக்குப் புதிதல்ல: 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியம் அதைச் சொல்கிறது, வைணவ உரையாசிரியர்கள் அந்த நடையில் எழுதிக் குவித்தார்கள். ஆனால் கேரளத்து ஆசிரியர் தரும் விளக்கம் தனி. மணி என்றால் மாணிக்கம், பிரவாளம் என்றால் பவளம்; இரண்டும் சிவப்பு. ஒரே இழையில் கோத்தால் எது எதுவென்று கண்ணுக்குப் பிரிந்து தெரியக்கூடாது. அடுத்து அவர் செய்யும் தரவரிசைதான் வியப்பு. நாட்டுமொழியும் சுவையும் ஓங்கி நிற்பதே உத்தம மணிப்பிரவாளம். வடமொழியும் அணியும் மிகுந்தால் தரம் இறங்கும். இந்தத் தீர்ப்பை அவர் எழுதியது சமஸ்கிருதத்தில்! கேரளத்தின் மொழி சோழ, பாண்டிய நாட்டுத் தமிழிலிருந்து வேறு என்று வாதாடுவதும் அதே நூல்தான். அப்படி வாதாட வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே உள்ளூர் மொழிக்கே 'தமிழ்' என்ற பெயர் வழங்கியது. சமஸ்கிருத அகராதியான அமரகோசத்துக்கு எழுந்த மலையாள உரைக்கு 'அமரம் தமிழ்க்குத்து' என்று பெயர்.

மலையாளச் சொல்லுக்கு வடமொழி விகுதி ஒட்டிய சோதனைகளையும் லீலாதிலகம் பதிவு செய்கிறது. கவிஞர்களின் அந்த விளையாட்டு ஏட்டோடு நின்றுவிட்டது. பேசுகிற மொழியில் வினை எந்தத் திசையில் போனது என்று பார்த்தால் கதை தலைகீழ். சமஸ்கிருத வினைக்கு மூன்று இடம், மூன்று எண். ஒவ்வொரு காலத்துக்கும் ஒன்பது வடிவங்கள். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான். மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு: எல்லாருக்கும் ஒரே 'வந்நு'. பழைய மலையாளத்தில் இந்த விகுதிகள் இருந்தன. செய்யுளில் 'வந்நான்' நெடுநாள் உயிரோடு இருந்தது. வடசொல் வெள்ளமாய்ப் புகுந்த அதே நூற்றாண்டுகளில் வினை தன் விகுதிகளை உதிர்த்து, சமஸ்கிருதத்திலிருந்து தமிழைக் காட்டிலும் தொலைவுக்குப் போயிற்று. கடன் வாங்கிய வினைகளும் உள்ளூர் முத்திரை குத்திக்கொண்டுதான் நுழைந்தன: க்ஷமிக்குக, சிந்திக்குக, விஸ்வஸிக்குக.

ஏ.ஆர். ராஜராஜவர்மா 1896இல் வெளியிட்டு 1917இல் திருத்தி எழுதிய மலையாள இலக்கணமான 'கேரள பாணினீய'த்தில், தமிழிலிருந்து மலையாளம் பிரிந்த விதத்தை விளக்க ஆறு நயங்கள், அதாவது மாற்ற விதிகள், சொல்கிறார். நிங்கள் 'நிங்ஙள்' ஆனது ஒன்று; ஐந்து 'அஞ்சு' ஆனது ஒன்று; இடவிகுதி உதிர்ந்ததும் அவற்றில் ஒன்று. ஆறில் ஒன்றுகூட வடமொழித் தாக்கத்தைக் காரணம் காட்டவில்லை. நூலின் பெயரில் பாணினி இருக்கிறாரே தவிர, உள்ளே திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லின் நிழல்தான் அதிகம். பின்னால் எல்.வி. ராமசுவாமி ஐயர் 1936இல் மலையாள உருபனியல் வரலாற்றை எழுதியபோது இந்தத் தடம் இன்னும் ஆழமானது. ரிச் ஃப்ரீமன் 1998இல் மாணிக்கம், பவளம் பற்றி எழுதிய கட்டுரை கேள்வியை இலக்கணத்திலிருந்து அதிகாரத்துக்கு நகர்த்தியது: இந்தக் கலப்பு நடை யாருக்காக, எந்த அவையில்? தேவையான கேள்விதான். என்றாலும் சமூகக் காரணம் பேசுகிறவர்கள் வினையைத் தொடாமலே கடந்துபோவது எனக்குக் குறையாகவே படுகிறது.

சொல் வடமொழிக்கு, வினையும் வாக்கியமும் உள்ளூர் மொழிக்கு என்ற பங்கீட்டை உரைநடையில் வெளிப்படையாகக் காணலாம். அர்த்தசாஸ்திரத்துக்கு மலையாளத்தில் எழுந்த பழைய உரையான 'பாஷாகௌடலீயம்', ஜ்யேஷ்டதேவர் 1530 வாக்கில் எழுதிய 'யுக்திபாஷா' இரண்டிலும் கலைச்சொல் வடமொழி, வாக்கியம் மலையாளம். கேரளக் கணித அறிஞர் மாதவனின் முடிவிலாத் தொடர்களுக்கு நிறுவல் சொல்லும் யுக்திபாஷாவை உள்ளூர் மொழியில் எழுதியது சாதாரணக் காரியமல்ல. நீலகண்டரின் 'தந்திரசங்கிரகம்' உட்பட, மாதவன் வழிவந்த கணிதப் பள்ளியின் பெரும்பாலான நூல்கள் சமஸ்கிருதம். கேரளத்தின் சமஸ்கிருத நாடக வடிவமான கூடியாட்டத்தின் மேடையிலும் இதே போன்ற ஏற்பாடுதான். நாயகன் சமஸ்கிருதம் பேசுவான், விதூஷகன் அதை மலையாளத்தில் விரித்துச் சொல்லிக் கேலியும் செய்வான்.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. சமஸ்கிருத நாடகாசிரியர் பாஸனின் நாடகங்கள் என்று கணபதி சாஸ்திரி 1912 முதல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தவை, பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரையில் மலையாள எழுத்து ஏடுகளில் கிடைத்தவை. கேரளத்து வாயில் சமஸ்கிருத ஒலியே மாறியது: உத்ஸவம் 'உல்சவம்', வத்ஸலா 'வல்சலா'. மெய்யாக நிற்கும் தகரம் லகரமாக ஒலித்ததால், மலையாளத்தில் உயிரேறாத மெய்யைக் குறிக்கும் சில்லெழுத்துகளில் 'ல்' வரைவிலேயே தகரத்திலிருந்து பிறந்தது.

வடசொல்லை விலக்கும் ஆசையும் எழுந்தது. கொடுங்ஙல்லூர் குஞ்ஞிக்குட்டன் தம்புரான் 1891இல் 'நல்ல பாஷை' என்று, வடசொல் கலவாத பச்சை மலையாளத்தில் எழுதினார். மகாபாரதம் முழுவதையும் தனியாளாக, யாப்பு மாறாமல் மலையாளத்தில் பெயர்த்தவரும் அவரே. தமிழில் தனித்தமிழ் போல அது அரசியலாகவில்லை. புலவர்களின் திறமைப் போட்டியாகவே ஓய்ந்தது.

எழுத்தில்தான் வடமொழி ஆழமாக ஊன்றியது. வட்டெழுத்து ஒதுங்க, கிரந்தவழி வந்த ஆரிய எழுத்து நிலைத்தது. க, ங-வுக்கு நடுவே ஒலிப்புள்ள மெய்களுக்கும் மூச்சொலிகளுக்கும் இடம் கிடைத்தது, ழ, ற உடன் வந்தன. ந-வுக்கும் ன-வுக்கும் மட்டும் ஒரே எழுத்து, கிரந்தத்தில் ஒன்றுதான் இருந்ததால். 'நனயுக' என்ற சொல்லில் முதல் எழுத்து பல்லில், அடுத்தது அண்பல்லில்; எழுதும்போது இரண்டும் ஒன்று. வேறுபடுத்த அறிஞர்கள் தனி எழுத்து வகுத்தார்கள், 2010இல் யூனிகோடும் அதற்கு இடம் ஒதுக்கியது. நாளிதழ்களும் பாடநூல்களும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மலையாளிக்கு அந்த வேறுபாடு இன்றும் காதுவழிக் கல்விதான்.