தப்பே வராத ஐந்து சுரங்கள்

கிட்டார் பழகப் போனவர்களுக்கு இந்த வாக்கியம் தெரிந்திருக்கும்: 'இந்த அஞ்சுக்குள்ள நில்லுங்க சார், எங்க கை வச்சாலும் தப்பு வராது.' சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி, ஏற்காட்டு அடிவாரம் போகும் சாலையோர மாடியறை ஒன்றில், நாற்பது வயதுக்கு மேல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போன எனக்கும் இதுதான் முதல் பாடம். ஐந்தாவது ஃப்ரெட், எட்டாவது ஃப்ரெட். அடுத்த கம்பியில் ஐந்து, ஏழு. மறுபடி ஐந்து, ஏழு. ஆறு கம்பிக்குப் பன்னிரண்டு புள்ளி. இதற்குப் பெயர் 'பாக்ஸ்'. பெட்டிக்குள் சுரத்துக்குப் பேர் கிடையாது, எண் மட்டும்தான்.

வாக்குறுதியில் பொய் இல்லை. இந்த ஐந்தில் எந்த இரண்டும் அரைச்சுர நெருக்கத்தில் இல்லை. ஆகவே காதை உறுத்துகிற உரசலுக்கு வழியில்லை. ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப் குழந்தைகளுக்கான இசைப்பாடத்தை ஐந்து சுரத்தில் தொடங்கியதும் இந்தக் காரணத்தால்தான். குழந்தைக்குச் சரி. தப்பே செய்ய முடியாத இடத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட வளர்ந்த மனுஷன் என்ன கற்றுக்கொள்கிறான்?

இலக்கிய நண்பர்களிடம் சொன்னால் வேறு பதில் வருகிறது. 'இது நம்ம மோகனம்தானப்பா.' இதிலும் பொய் இல்லை. கிட்டாரில் எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் கம்பிகளை மட்டும் மீட்டிப் பாருங்கள்: இ, ஏ, டி, ஜி, பி, திரும்ப இ. மொத்தம் ஐந்தே சுரம். இ-யை ஷட்ஜமாக வைத்து வரிசைப்படுத்தினால் சுத்த தன்யாசி. ஜி-யிலிருந்து மோகனம், ஏ-யிலிருந்து மத்யமாவதி, டி-யிலிருந்து சுத்த சாவேரி, பி-யிலிருந்து ஹிந்தோளம். சுரங்கள் மாறவேயில்லை, நிற்கும் இடம் மாறுகிறது, பேர் மாறிவிடுகிறது. கிரக பேதம் என்பார்கள். நம் பழைய சொல் பண்ணுப்பெயர்த்தல். எனக்கு இதைச் சொல்லித்தர அந்த மாடியறையிலும் ஆளில்லை, சபாக்களிலும் ஆளில்லை. ஒருநாள் ராத்திரி சும்மா மீட்டிக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கிடைத்தது.

ஆனால் 'நம்முடையது' என்று பத்திரம் எழுதிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா? பாடப்புத்தகங்களில் ஒரு கதையாடல் உண்டு: ஆதியில் ஐந்து சுரம், அது மலைவாசிக்கும் இடையனுக்கும் உரியது, நாகரிகம் வளர வளர ஏழாயிற்று. தமிழிசைப் பெருமை பேசுகிறவர்களும் இந்த ஏணியைக் கேள்வி கேட்காமல் அதன் முதல் படியில் தமிழனை உட்கார வைத்துச் சந்தோஷப்படுகிறார்கள். தமிழ் இலக்கணத்தின் கணக்கு இதற்கு நேர் எதிர். ஏழு பண், ஆறு பண்ணியல், ஐந்து திறம், நான்கு திறத்திறம். முழுமையிலிருந்து குறைத்துக்கொண்டு வருகிறது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரப்பேரையும் வைத்து வட்டமாக நிறுத்துகிறாள். அந்தக் குரவையின் முல்லைத் தீம்பாணியை மோகனம் என்று இசையறிஞர்கள் கொள்கிறார்கள். அப்படியானால் இந்த இடைச்சிகளுக்கு ஏழும் தெரியும், தெரிந்தே இரண்டை விட்டிருக்கிறார்கள். பெட்டிக்குள் எண்ணிக்கொண்டிருக்கிற எனக்கு எதை விட்டேன் என்பதே தெரியாது. வித்தியாசம் இங்கேதான்.

அடுத்த சமன்பாடு: 'ப்ளூஸ்னா சுத்த தன்யாசிதான்.' இல்லீங்க. ஏ-யை ஆதாரமாக வைத்த ஐந்து சுரத்தை ப்ளூஸ்காரர் ஏ-ஏழு கார்டின் மேல் வாசிக்கிறார். விரலில் சாதாரண காந்தாரம், அதே நேரம் அடியில் கார்டுக்குள் அந்தர காந்தாரம். இரண்டுக்கும் நடுவே அரைச்சுரம்தான். பச்சையான உரசல். எந்த இசையிலிருந்து இந்தப் பெட்டி எடுக்கப்பட்டதோ அந்த இசையிலேயே 'தப்பு வராது' செல்லாது. அங்கே தப்புதான் பாட்டு. அடிமைகளின் வாரிசுகள் உண்டாக்கிய இசை அது. பி.பி. கிங் (1925-2015) மிசிசிப்பியில் பருத்தி பறித்து வளர்ந்தவர். கம்பியைத் தள்ளி இரண்டு காந்தாரத்துக்கும் நடுவில் அவர் நிற்கும் இடம் பெட்டியில் இல்லை. ராகப்பேர் சூட்டும்போது நாம் முதலில் அழிப்பது அந்த இடத்தைத்தான்.

1917இல் தஞ்சாவூரிலிருந்து 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், 22 சுருதிக் கணக்கை மறுத்து, ஸ்தாயியை 24 சம பாகமாகப் பிரித்தார். கிட்டாரிலும் சம பாகம்தான், ஆனால் பன்னிரண்டு. பண்டிதர் கணக்கில் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் கிட்டார் ஃப்ரெட். பாக்கிப் பன்னிரண்டும் ஃப்ரெட்டுகளின் இடுக்கில் கிடக்கின்றன.

போன வருஷம் மலைக்குப் போகும் பஸ்ஸில் காப்பித் தோட்டத்து ஆயா ஒருத்தர், மடியில் பேரனைப் போட்டுக்கொண்டு தாலாட்டு முனகினார். இருபது கொண்டை ஊசி வளைவு, பஸ் சாய்கிற பக்கமெல்லாம் பாட்டும் சாய்ந்தது. 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த பயிர் இந்த மலைக் காப்பி. அதனால் மிசிசிப்பியும் சேர்வராயனும் ஒன்று என்று சொல்ல மாட்டேன், அது இன்னொரு பெட்டி. ஐந்து சுரம்தான் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். ஆயா பார்த்துவிட்டு, 'என்ன தம்பி, கணக்குப் போடறியா?' என்றார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். நாலு கிடைத்தது. காந்தாரம் மட்டும் மூன்றாவது கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டிலும் இல்லை, ஆறாவதிலும் இல்லை. ஐந்தில் அழுத்திக் கம்பியைக் கொஞ்சம் தள்ளினால் பக்கத்தில் வருகிறது. வகுப்பில் வாசித்துக் காட்டினேன். 'சுருதி விலகுது சார், பெட்டிக்குள்ள வாங்க' என்றார் வாத்தியார். பதில் சொல்லவில்லை. இன்னும் ஒரு மயிரிழை தள்ள வேண்டும், விரல்நுனி காய்த்துப்போகாமல் அது வராது.