வரிசையும் காரணமும்: தொடக்க வகுப்புகளில் கதை நிகழ்வுகளை வரிசைப்படுத்தும் பயிற்சி – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கதையின் நிகழ்வுகளைப் படங்களாகக் கலைத்துக் கொடுத்து, அவற்றை முறைப்படி எண்ணிடச் செய்வது தொடக்க வகுப்புகளில் பழகிய பயிற்சி. அது நிகழ்வின் இடத்தைக் கற்பிக்கிறது. நிகழ்வுகளுக்கு இடையிலான உறவைக் கற்பிப்பதில்லை. தமிழில் அவ்வுறவைப் பெரிதும் தாங்குவது வினையெச்சம் என்பதையும், குழந்தையின் கதைகூறலை மதிப்பிடும்போது அதனைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதையும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கதைகூறல், நிகழ்வு வரிசை, வினையெச்சம், தொடக்கக்கல்வி, வாய்மொழிக் கதை

முன்னுரை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23ஆம் கல்வியாண்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு அறிமுகமானது. அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் குழந்தைகளைப் பகுத்துக் கற்பிக்கும் இத்திட்டம், கதை, பாடல், செயல்பாடு ஆகியவற்றுக்கு வகுப்பறையில் இடம் அளித்தது. கதை வகுப்பறைக்குள் வந்தபின், குழந்தை கதையைப் புரிந்துகொண்டதா என்பதை எவ்வாறு அறிவது என்ற வினாவும் உடன் எழுகிறது. நிகழ்வுகளை வரிசைப்படுத்தும் பயிற்சி இவ்வினாவுக்கு எளிய விடையாகப் பயன்படுகிறது. அவ்விடை போதுமானதா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

எண்ணிடுதலின் எல்லை

பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளலாம். பாட்டி வடை சுடுதல், காகம் வடையை எடுத்தல், நரி காகத்திடம் பேசுதல், நரி வடையோடு ஓடுதல் என நான்கு படங்கள் போதும். கதையை ஒருமுறை கேட்ட குழந்தை இவற்றை எளிதில் எண்ணிட்டுவிடும். ஆனால் கதையின் திருப்பம் இப்படங்கள் எதிலும் இல்லை. நரியின் புகழ்ச்சி காகத்தின் மனத்தில் வேலை செய்கிறது. அதனாலேயே அது வாய் திறக்கிறது. மன நிகழ்வைப் படமாக்குவது கடினம். ஆகவே அது வரிசையிலிருந்து விடுபடுகிறது.

இவ்விடுபடல் தற்செயலானதன்று. 1923இல் வெளிவந்த தம் நூலில் ழான் பியாஜே, சிறு குழந்தைகள் ஒருவருக்கொருவர் கதையை எடுத்துரைக்கையில் வரிசையையும் காரணத்தையும் நழுவவிடுவதைச் சுட்டினார். 1977இல் ஜீன் மாண்ட்லர், நான்சி ஜான்சன் ஆகியோர் கதை இலக்கணம் குறித்து நிகழ்த்திய ஆய்வு இதனை மேலும் நுட்பமாக்கியது. முதல் வகுப்புக் குழந்தைகள் கதைச்சூழலையும் தொடக்கத்தையும் விளைவையும் நன்கு நினைவுகூர்ந்தனர். பாத்திரத்தின் மன எதிர்வினையையும் முயற்சியையும் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். குழந்தைக்குக் கடினமாக உள்ள பகுதி எதுவோ, அதையே நான்கு படப் பயிற்சியும் தவிர்த்துவிடுகிறது என்பது இதனால் புலனாகிறது.

வினையெச்சமும் நிகழ்வுறவும்

பயிற்சிகளில் வரிசையைக் குறிக்க ‘முதலில்’, ‘பிறகு’, ‘இறுதியில்’ ஆகிய சொற்கள் பயன்படுகின்றன. குழந்தையின் பேச்சில் ‘அப்புறம்’ அவ்விடத்தில் வரும். இவை காலமுறையை மட்டுமே உணர்த்துவன. தமிழின் இயல்பான கதைகூறலோ வினையெச்சங்களால் கோக்கப்படுவது. தொல்காப்பியம் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் செய்து, செய்யூ, செய்பு என்னும் முதல் மூன்றும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என வரையறுக்கிறது. செய என்பது உள்ளிட்ட ஏனையவற்றுக்கு அக்கட்டுப்பாடு இல்லை.

இவ்விலக்கண வேறுபாடு கதையில் என்ன செய்கிறது என்பதைப் பின்வரும் தொடர்கள் காட்டும். ‘காகம் வடையை எடுத்து, பறந்து, கிளையில் அமர்ந்தது’ என்பதில் மூன்று செயல்களுக்கும் காகமே வினைமுதல். ‘நரி புகழ, காகம் வாய் திறக்க, வடை விழுந்தது’ என்பதில் வினைமுதல் இருமுறை மாறுகிறது. ஒன்றின் செயல் மற்றொன்றின் செயலுக்குக் காரணமாகிறது. செய்து என்னும் எச்சத்திலிருந்து செய என்னும் எச்சத்திற்குக் கதை மாறும் இடமும், நிகழ்வு காகத்தின் கட்டுப்பாட்டிலிருந்து நழுவும் இடமும் ஒன்றே. காகம் ஏமாறாத மாற்று வடிவமும் இன்று வழக்கில் உள்ளது. அதில் காகம் வடையைக் காலுக்கடியில் ‘வைத்துக்கொண்டு’ பாடுகிறது. ஓர் எச்சம் கூடியதும் கதையின் முடிவே மாறிவிடுகிறது.

சொல் வரிசையும் நிகழ்வு வரிசையும் ஒன்றல்ல என்பதையும் இவ்வெச்சம் உணர்த்தும். ‘பேருந்து நிற்க, குழந்தைகள் ஏறினர்’, ‘குழந்தைகள் ஏற, பேருந்து நின்றது’ ஆகிய இரண்டிலும் பேருந்து நிற்பதே முதலில் நிகழ்கிறது. முன்னதில் எச்சம் காரணத்தையும் பின்னதில் நோக்கத்தையும் குறிக்கிறது.

மூவகை வரிசை

எல்லாக் கதைகளும் காரணத்தால் கோக்கப்படுவன அல்ல. தன் பெயரை மறந்த ஈயின் கதையில் கன்று, கன்றின் தாய், தாயை மேய்க்கும் இடையன், இடையன் கையிலுள்ள கோல் எனச் சங்கிலி நீள்கிறது. இங்கு ஒரு நிகழ்வு அடுத்ததை விளைவிப்பதில்லை; உறவும் உடைமையும் இடமுமே வரிசையைக் காக்கின்றன. அவற்றை மொழியில் தாங்குபவை வேற்றுமையும் பெயரெச்சமும் ஆகும்.

மூன்றாம் வகை இடத்தால் அமைவது. சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலையடிவாரத்திலுள்ள குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டிற்கு ஒரு மலைப்பாதை செல்கிறது. அவ்வூர்க் குழந்தை இப்பயணத்தைச் சொன்னால் ஊர்கள் ஒரு வரிசையில் வரும். திரும்பும்போது அவ்வரிசை தலைகீழாகும். இரண்டும் சரியே. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட முதன்மைச் சாலை மண்சரிவால் அடைபடும்போது, வண்டிகள் குப்பனூர் வழியே திருப்பிவிடப்படுகின்றன. ‘மழை பெய்ய, மண் சரிய, சாலை அடைபட, வண்டிகள் எங்கள் ஊர் வழியே வந்தன’ என்று அதே குழந்தை சொல்லுமானால், அவ்வரிசையைத் தலைகீழாக்க இயலாது. ஒரே மலை, ஒரே சாலை; ஆயினும் இரண்டு வரிசைகளின் இயல்பும் வேறு. எண்ணிடும் பயிற்சியில் இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

முடிவுரை

படப் பயிற்சி பயனற்றது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. எழுத்தறியாத குழந்தைக்கும், பல வகுப்புகளை ஒருங்கே நடத்தும் ஆசிரியருக்கும் அது நல்ல தொடக்கம். அதனை முடிவாகக் கொள்வதே குறை. படங்களை அடுக்கிய பின், அவற்றை ஒரே தொடராகச் சொல்லச் செய்வதும், இரண்டு படங்களை இடம் மாற்றினால் கதை நிற்குமா என வினவுவதும் கூடுதல் கருவி எதையும் வேண்டாதவை. ‘எடுத்துகிட்டு’, ‘போயி’ என்று வீட்டு மொழியில் கதை சொல்லும் குழந்தை வினையெச்சத்தை முன்பே அறிந்திருக்கிறது. அது ஒரு படத்திற்குத் தவறான எண்ணிட்டதைக் கண்டு, அதற்குக் கதை விளங்கவில்லை எனக் குறிப்பேட்டில் பதிவது பிழையான மதிப்பீடாக முடியலாம். எண்களைப் பார்ப்பதற்கு முன் குழந்தை சொல்லும் எச்சங்களைக் கேட்கும் பழக்கம் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.