புனைமருந்தும் மருத்துவரும்

அறிவியற் புனைவு நாடகங்களில் வரும் அரிய மருந்துகளைக் கதையை நகர்த்தும் உபாயம் எனக் கூறி ஒதுக்குவார் உளர். அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அதனை இயற்றுவான் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துள்ளார். அப்பகுப்பைக் கருவியாகக் கொண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘ஸ்டார் டிரெக்’ வரிசையைச் சேர்ந்த மூன்று நாடகங்களை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, 1966இல் ஒளிபரப்பான ‘மட்ஸ் விமன்’. வீனஸ் மருந்து என்னும் தடைசெய்யப்பட்ட குளிகை, உண்ணும் மகளிர்க்குப் பேரழகு தருவது. மட் என்பவன் அதனை மூன்று மகளிர்க்கு அளித்து, அவர்களை மணமகளிராக்கிப் பொருளீட்ட முயல்கிறான். இறுதியில் ஈவ் என்பாள் உண்டது வெறும் ஜெலட்டின் குளிகையே எனத் தெரிகிறது. தன்னம்பிக்கையே அழகு தந்தது என்பது நாடகத்தின் முடிபு. எனினும் அவள் மதிப்புக்கு அழகே அளவுகோலாக நிற்றலின், மருந்தை மறுத்த நாடகம் மருந்தின் நோக்கத்தை மறுத்திலது. இதில் நோயும் இல்லை. தீர்க்கும் பொறுப்பேற்ற மருத்துவரும் இல்லை.

இரண்டாவது, ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் 1988இல் வந்த ‘சிம்பயாசிஸ்’. ஆர்னாரா உலகத்தார் கொள்ளைநோய்க்கென ஃபெலிசியம் உண்ணத் தொடங்கினர். நோய் ஒழிந்த பின்னும் மருந்து ஒழியவில்லை, அது போதைப்பொருள். அதனை விற்கும் பிரெக்கா உலகத்தார் உண்மையை அறிந்தும் மறைக்கின்றனர். மருத்துவர் பெவர்லி கிரஷர் உண்மையைக் கண்டறிகிறார். ஆயினும் பிறர் வாழ்வில் தலையிடலாகாது என்னும் விதியைக் காட்டித் தலைவர் பிக்கார்டு அதனை வெளியிட இசையவில்லை. விண்கலங்களுக்கு வேண்டிய உறுப்புக்களைத் தர மறுத்து, அவ்வணிகம் தானே அற்றுப்போக விடுகிறார். இடையில் சிறுவன் வெஸ்லிக்குப் போதையின் தீமை குறித்துக் கூறப்படும் அறிவுரை கதையோடு ஒட்டவில்லை. வாயடைக்கப்பட்ட மருத்துவரின் நிலையே அவ்வுரையினும் ஆழமாக நெஞ்சில் தைக்கிறது.

மூன்றாவது, ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் 1995இல் வந்த ‘ஹிப்போகிரட்டிக் ஓத்’. ஜெம்ஹடார் வீரர்கள் ஒரு நொதி இல்லாதவர்களாகவே ஆக்கப்பட்டவர்கள். கெட்ராசெல் ஒயிட் என்னும் மருந்தே அக்குறையை நிரப்புகிறது. அதனைப் பங்கிடும் உரிமை, மேற்பார்வை செய்யும் வோர்ட்டா இனத்தாரிடம் உளது. படைத்தவர்களே நோயையும் படைத்து, மருந்தைத் தளையாக்கினர். தான் மட்டும் அத்தளையினின்று நீங்கிய படைத்தலைவன் கோரனகார், தன் வீரரையும் விடுவிக்குமாறு சிறைப்பட்ட மருத்துவர் பஷீரை வேண்டுகிறான். பஷீர் முயல்கிறார். விடுபட்ட வீரர் பேரிடராவர் என்று அஞ்சிய நண்பர் ஓபிரையன் அவ்வாய்வை அழிக்கிறார். மருத்துவ அறமும் போர்க்கடமையும் இங்கு நேர்நின்று பொருகின்றன. இருவர் பக்கலிலும் நியாயம் உண்டு. நாடகமும் எளிய தீர்ப்புக் கூறி அமையவில்லை.

முதல் நாடகத்தில் மருத்துவர்க்கு இடமில்லை. இரண்டாவதில் அவர் பேசவியலாது நிற்கிறார். மூன்றாவதில் செயற்பட்டுத் தம்மவராலேயே தடுக்கப்படுகிறார். மூன்றிலும் மருந்தை இயற்றுவானே ஆள்வானாக மாறியிருத்தல் காண்க. எனவே, இத்தகைய நாடகங்களை மதிப்பிடுவார் மருந்தின் வியப்பை நோக்குதல் போதாது. அதனைக் கையிற் கொண்டவன் யார், அவனை எதிர்த்துத் தீர்ப்பவன் எந்நிலையில் நிற்கிறான் என்பவற்றையும் நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கின் மூன்றனுள் இறுதியதே சிறந்தது என்பது பெறப்படும்.