மியூனிக்கின் கூடாரம்

1972 ஒலிம்பிக்குக்காக மியூனிக்கில் எழுந்த அரங்கத்தில் மிடுக்கான முகப்பைத் தேடினால் கிடைக்காது. இருக்கைகள் நிலத்தின் சரிவோடு பள்ளத்தில் இறங்கிவிடுகின்றன. பக்கத்துக் குன்றோ, போரில் இடிந்த நகரத்தின் கற்குவியல்மேல் புல் வளர்த்தது. 1936 ஒலிம்பிக்குக்காகப் பெர்லினில் ஹிட்லர் கல்லில் காட்டிய கம்பீரத்துக்கு இது ஜெர்மனி தந்த பதில்.

கண் போய் நிற்பது கூரையில்தான். வடிவமைப்புப் போட்டிக்கு அனுப்பிய மாதிரியில் கட்டடக்கலைஞர் குந்தர் பெனிஷின் குழு குச்சிகளை நட்டு, அவற்றின்மேல் பெண்கள் அணியும் நைலான் காலுறையை இழுத்துக் கட்டியது. பார்க்க அழகு, கட்டுவது எப்படி? சோப்புப் படலங்களை வைத்து வடிவங்களை ஆராய்ந்த ஃப்ரை ஓட்டோ வந்தார். கணக்குப் போடப் பொறியாளர்கள் கணினிகளோடு சேர்ந்தார்கள். எஃகு வடங்களை 75 சென்டிமீட்டர் கண்ணிகளாகப் பின்னி, உயர்ந்த கம்பங்களில் தொங்கவிட்டார்கள். மேலே ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகடுகள். அவற்றின் இடுக்குகளில் கறுப்பு ரப்பர் பட்டைகள்.

ஏன் ஒளி ஊடுருவும் தகடு? வண்ணத் தொலைக்காட்சிதான் காரணம். மைதானத்தில் கரிய நிழல் விழுந்தால் அன்றைய கேமராக்கள் திணறும். ஆக, இந்தக் கூரையின் அழகில் பாதி ஒளிபரப்புக்காரர்களின் நச்சரிப்பில் பிறந்தது!

செலவு மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியது. இவ்வளவுக்கும் கிழக்குப் பக்க இருக்கைகளுக்குக் கூரை கிடையாது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான்.