பெயரும் எண்ணும் போதும்

“அந்த எலக்ட்ரீஷியன் நம்பரை மெசேஜ்ல போட்டு விடுங்க” என்று யாராவது கேட்டால், கான்டாக்ட்டைத் திறந்து ஷேரை அழுத்திவிடுவது இன்று பலருக்கும் பழக்கமாகிவிட்டது. ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போகும்போது இதில் பெரும்பாலும் கோளாறு வருவதில்லை. ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும், ஆண்ட்ராய்டிலிருந்து பட்டன் போனுக்கும் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அனுப்பியவர் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார். மறுமுனைக்குத் திறக்க வராத ஒரு கோப்பு போயிருக்கும், சில நேரம் அதுவும் போயிருக்காது.

விகார்டு என்பது அந்தக் கோப்பின் வடிவம். 1990-களின் நடுவில் ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகியவை சேர்ந்து அமைத்த வெர்சிட் கூட்டமைப்பு அதை உருவாக்கியது. தனித்தனியே கடைவிரித்த நிறுவனங்கள் ஒரு பொதுவடிவத்துக்கு இசைந்தது சாதாரணக் காரியமில்லை. பெயர், எண், மின்னஞ்சல், முகவரி, பிறந்தநாள், படம் என ஒவ்வொன்றுக்கும் அதில் தனி இடம் உண்டு. பெறுபவர் ஒரு தடவை தொட்டால் எல்லாம் அதனதன் இடத்தில் சேமிக்கப்பட்டுவிடும். பத்து இலக்கத்தில் ஒன்று மாறி முன்பின் தெரியாதவரை அழைக்கும் தொல்லை இல்லை. கடையும் கிளினிக்கும் தங்கள் விவரத்தைத் தாங்களே கொடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் இந்த விகார்டு அட்டைக்குக் குறுஞ்செய்தி ஏற்ற வண்டியில்லை. ஒரு எஸ்எம்எஸ் சுமப்பது 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70 குறியீடு, அவ்வளவுதான். ‘முத்துலட்சுமி’ என்ற பெயர் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் அது 13 குறியீடு. விகார்டின் 2.1 பதிப்பு 1996-இல் வந்தது. பல ஆண்ட்ராய்டு போன்கள் அந்தப் பழைய வடிவத்திலேயே ஏற்றுமதி செய்கின்றன. அதில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் சமக்குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்பது எழுத்தாக விரியும். ஆக முத்துலட்சுமிக்கு 117 எழுத்து. அட்டையில் பெயர் இரண்டு இடங்களில் வருவதால் அதுவும் இரட்டிப்பாகும். பிரித்துப் படிக்கத் தெரியாத செயலியில் திறந்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் குப்பைதான் தெரியும். 1998-இல் 3.0, 2011-இல் 4.0 என்று புதிய பதிப்புகள் வந்துவிட்டன. ஐபோன் 3.0-இல் எழுதுகிறது. பழசும் புதுசும் கலந்து புழங்குவதன் பாதிப்பு ஆங்கிலப் பெயருக்குப் பெரும்பாலும் இல்லை, தமிழ்ப் பெயருக்குத்தான். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இது தீராமல் கிடப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எஸ்எம்எஸ்ஸில் அடங்காத கோப்பு, படமும் கோப்பும் சுமக்கும் எம்எம்எஸ்ஸாக மாறும். அது இந்தியாவில் வேரூன்றவே இல்லை. டேட்டா அணைந்திருந்தாலோ அமைப்பு சரியாக இல்லாவிட்டாலோ நின்றுவிடும். எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்த தலைமுறையான ஆர்சிஎஸ்ஸை 2024-இல் ஐபோனும் ஏற்றுக்கொண்டது நல்ல முன்னேற்றம். அதற்கும் இரு பக்கமும் இணையம் வேண்டும், தொலைபேசி நிறுவனத்தின் ஆதரவும் வேண்டும்.

தொழில்நுட்பக் குறைகளை நாளை யாராவது சரிசெய்துவிடலாம். என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. கேட்டவருக்கு ஒரு எண்தான் தேவை. முழு அட்டையையும் அனுப்பினால் வீட்டு முகவரி, இன்னொரு எண், பிறந்தநாள், படம் எல்லாம் சேர்ந்தே போகின்றன. மாடியில் குடியிருக்கும் பெண்ணின் எண்ணைக் குழாய் ரிப்பேர்காரருக்குக் கொடுக்கும்போது அவளுடைய அலுவலக முகவரியும் பிறந்தநாளும் அவருக்கு எதற்கு? அனுப்புகிற விவரங்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி சில போன்களில் இருந்தாலும், அது இருப்பதே பலருக்குத் தெரியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தனிமனிதர் தன் சொந்தத் தேவைக்காக, வீட்டுத் தேவைக்காகச் செய்கிற காரியங்களைத் தொடுவதில்லை. சட்டம் கேட்காத இந்த இடத்தில் பொறுப்பு முழுவதும் அனுப்புகிறவருடையது.

வாங்குகிறவருக்கும் ஆபத்து உண்டு. அட்டையில் அனுப்பியவர் எழுதிய பெயர்தான் இருக்கும். வங்கியின் பெயரில் மோசடிக்காரர் தன் எண்ணை அனுப்பி, நாமும் சேமித்துவிட்டால், மறுநாள் அந்த அழைப்பு வங்கியின் பெயரோடுதான் ஒலிக்கும். 2015-இல் வாட்ஸ்அப் வெப்பில் விகார்டு வழியாகவே தீய நிரலைக் கணினிக்குள் நுழைக்கக்கூடிய ஓட்டை ஒன்றை செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. அந்த ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. தெரியாதவர் அனுப்பும் அட்டையை யோசிக்காமல் திறக்கும் வழக்கம்தான் இன்னும் போகவில்லை.

இதற்கெல்லாம் மாற்று, பெயரும் எண்ணும் மட்டும் எழுதிய பழைய எஸ்எம்எஸ்தான். பட்டன் போனிலும் படிக்கலாம். இணையம் வேண்டாம். பெரும்பாலான போன்கள் எண்ணை அடையாளம் கண்டுகொள்வதால் தொட்டால் அழைப்பு போகும். அதற்கும் குறை இல்லாமல் இல்லை. கையால் அடித்தால் இலக்கம் தவறும், காப்பி செய்து ஒட்டினால் தவறாது. +91 சேர்க்காத எண் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் உறவினருக்கு உதவாது. சேமிக்கும் வேலை பெறுபவர் தலையில் விழும். எஸ்எம்எஸ்ஸுக்கு முனையிலிருந்து முனைவரையான மறைகுறியாக்கமும் கிடையாது, ஆகவே ரகசியம் எதையும் அதில் எழுதக்கூடாது. இவ்வளவையும் எடைபோட்ட பிறகும், அடுத்தவர் எண்ணைக் கொடுக்க அந்த இரண்டு வரியே மேல் என்பேன். சொந்த விவரத்தையோ கடையின் விவரத்தையோ கொடுப்பவர்கள் அட்டையைத் தாராளமாக அனுப்பலாம்.

போன் தயாரிப்பவர்கள் ஷேரை அழுத்தியதும் பெயரையும் ஒரு எண்ணையும் மட்டும் தேர்வு செய்து காட்டட்டும். மற்றது வேண்டுமென்றால் நாம் சேர்த்துக்கொள்வோம். அது வரும்வரை, யாருடைய எண்ணைக் கொடுக்கப்போகிறீர்களோ அவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.